கொசுவின் குருதியில் சுரக்கும் சிலந்தி நஞ்சு

பயிரையோ மனிதரையோ தாக்கும் பூச்சிகளை, அவற்றின் இயற்கைப் பகைகளான பிற உயிர்களைக் கொண்டே ஒடுக்கும் முறை உயிரியல் கட்டுப்பாடு எனப்படுகிறது. அப்பகைகளுள் பூஞ்சைக்குத் தனியிடம் உண்டு. பாக்டீரியாவும் வைரசும் பெரும்பாலும் உணவோடு பூச்சியின் வயிற்றை அடைந்தால்தான் செயல்படும். பூஞ்சைக்கோ அதன் வித்து பூச்சியின் உடல்மேல் ஒட்டினாலே போதும். ஒட்டிய வித்து முளைத்து, கைட்டின் என்னும் பொருளாலான மேல்தோலை நொதிகளால் கரைத்து உள்ளே புகுந்து, பூச்சியின் குருதியில் பெருகி அதைக் கொல்கிறது.

இந்த அறிவு புதிதன்று. பட்டுப்புழுவின் நோய் ஒன்றுக்குப் பூஞ்சையே காரணம் என்று இத்தாலியரான அகோஸ்டினோ பாஸி 1835இல் நிறுவினார். கோதுமை வண்டுகளைக் கொல்லும் பச்சைப் பூஞ்சையை ரஷ்ய அறிஞர் மெச்னிகாஃப் 1879இல் விவரித்தார். பின்னர் மெட்டாரைசியம் என்று பெயர் பெற்ற அந்தப் பூஞ்சைதான், தமிழ்நாட்டுத் தென்னந்தோப்புகளின் எருக்குழிகளில் காண்டாமிருக வண்டின் புழுக்களை அழிக்க இன்று இடப்படுகிறது.

ஆயினும் பூஞ்சை மெதுவாகவே கொல்லும் என்பதும், நிறைய வித்துகள் தேவைப்படும் என்பதும் அதன் குறைகளாக நீடித்தன. அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேமண்ட் செயின்ட் லெஜரும் செங்ஷு வாங்கும் தேளின் நச்சு மரபணு ஒன்றை மெட்டாரைசியத்தில் சேர்த்து, புகையிலைப் புழுவுக்கு எதிரான அதன் வீரியத்தை 22 மடங்கு உயர்த்தியதாக 2007இல் அறிவித்தபோது, அக்குறைகளைக் களைய வழி பிறந்தது.

அவ்வழியின் பெரிய சோதனை, மலேரியா மிகுந்த மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்க்கினா ஃபாசோவில் நடந்தது. கொசுவலைகளில் தோய்க்கப்படும் பைரித்ராய்டு மருந்துகளுக்கு அந்நாட்டு அனோஃபிலிஸ் கொசுக்கள் பெரிதும் பழகிவிட்டதால், மாற்று வழி அங்கே அவசரத் தேவையாக இருந்தது. ஆஸ்திரேலியப் புனல்வலைச் சிலந்தியின் நச்சை உருவாக்கும் மரபணு பூஞ்சைக்குள் சேர்க்கப்பட்டது. பூச்சியின் நரம்புகளில் கால்சியம், பொட்டாசியம் அயனிகள் செல்லும் வழிகளை இந்நச்சு அடைத்துவிடுகிறது. பூச்சியின் குருதியைத் தொட்டவுடன் மட்டுமே அம்மரபணு இயங்குமாறு ஒரு விசையும் அதனோடு பிணைக்கப்பட்டிருந்ததால், வித்தாகக் கிடக்கும் பூஞ்சை அந்நச்சைச் சுரப்பதில்லை.

சுமூசோ என்னும் சிற்றூரில், குடிசைகளும் செடிகளும் நீர்த்தேக்கங்களும் கொண்டதாக, இரட்டை வலையால் மூடப்பட்ட சோதனைக்கூடம் அமைக்கப்பட்டது. நல்லெண்ணெயில் கலந்த வித்துகள் பூசப்பட்ட கறுப்புத் துணிகள் உள்ளே தொங்கவிடப்பட்டு, ஒவ்வொரு பிரிவிலும் 1,500 கொசுக்கள் விடப்பட்டன. 45 நாள்களுக்குப் பின், பூஞ்சையே இல்லாத பிரிவில் 1,396 கொசுக்களும், நச்சு மரபணு சேர்க்காத பூஞ்சை இருந்த பிரிவில் 455 கொசுக்களும் எண்ணப்பட்டன. நச்சு மரபணு சேர்த்த பூஞ்சை இருந்த பிரிவில் எஞ்சியவை 13 மட்டுமே. ஆண் கொசுக்கள் திரளாகக் கூடிப் பறந்தால்தான் இணைசேர்க்கை நிகழும் என்பதால், இத்தகைய சிறு எண்ணிக்கையிலிருந்து கூட்டம் மீண்டும் பெருகுவது அரிது. 2019இல் 'சயன்ஸ்' இதழில் இம்முடிவுகள் வெளியாயின.

தேனீக்களுக்கு இப்பூஞ்சை தீங்கு செய்யவில்லை என்று முந்தைய ஆய்வு காட்டியிருந்தது. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் வித்துகளை விரைவில் அழித்துவிடுவதால், அது வெட்டவெளியில் நெடுந்தொலைவு பரவுவதும் கடினம். வேதி மருந்தைத் தெளிப்போர் கட்டுப்படுத்த முடியாத ஒன்றை, அதாவது நஞ்சு எங்கே எழ வேண்டும் என்பதை, இம்முறை வரையறுத்துவிடுகிறது. அதன் உண்மையான சிறப்பும் அதுவே. எனினும் 13 என்ற எண் வலைக்கூடத்துக்குள் கிடைத்தது. மரபணு மாற்றிய உயிரைத் திறந்தவெளியில் விடுவதற்கு அரசின் அனுமதி வேண்டும். அதற்கு இணையாக, அது விடப்படும் ஊர்களில் வாழும் மக்களின் இசைவும் வேண்டும்.