வயிற்றில் ஓர் உயிர் – உடம்பு முழுவதும் வேலை



"மாசமா இருக்கா, வயிறுதானே பெருக்குது" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. கரு தங்கிய நாளிலிருந்து தாயின் இதயம், ரத்தம், நுரையீரல், சிறுநீரகம், குடல் என எல்லா உறுப்புகளும் கூடுதலாக உழைக்கத் தொடங்குகின்றன. இவற்றில் எது இயற்கை, எது ஆபத்து என்று கணவனும் மனைவியும் தெரிந்துகொண்டால் வீண் பயமும் இராது, அசட்டையும் வராது.

இதயம்

நம் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 72 தடவை, நாளொன்றுக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் துடிக்கிறது. கர்ப்ப காலத்தில் அதே மோட்டார் இன்னொரு வயலுக்கும் சேர்த்து இறைக்க வேண்டும். ஆகவே அது வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு 30 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. நாடித் துடிப்பும் 10 முதல் 20 வரை உயரும். வேலை செய்யும்போது லேசான படபடப்பு வருவது இதனால்தான்.

ரத்தம்

தாயின் உடலில் ரத்தமும் பெருகுகிறது. பிரசவ காலம் நெருங்கும்போது ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் வரை கூடியிருக்கும். ஆனால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும் அளவுக்குச் சிவப்பணுக்கள் கூடுவதில்லை. விருந்தாளி வந்ததும் குழம்பில் தண்ணீர் விட்டு நீட்டுவோமே, அதுபோல ரத்தம் சற்று நீர்த்துப் போகிறது. குழம்பு கெட்டியாக இருக்க வேண்டுமானால் பருப்பும் சேர்க்க வேண்டும். இங்கே பருப்பு என்பது இரும்புச் சத்து. ஒரு கர்ப்பத்துக்கு மொத்தம் சுமார் 1 கிராம் இரும்பு கூடுதலாகத் தேவை. சாப்பாட்டில் மட்டும் இது கிடைப்பது கடினம். அதனால்தான் மாத்திரை.

ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. 7 கிராமுக்குக் குறைந்தால் கடுமையான ஆபத்து.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்த ஒரு வீட்டில், கொடுத்த மாத்திரை அட்டைகள் அப்படியே அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்தன. "மாத்திரை தின்னா புள்ள பெருசாயிடும், பிரசவம் கஷ்டமாயிடும்" என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அந்தப் பெண்ணுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு. மற்றவர்கள் தாங்கியிருக்கக்கூடிய அளவுதான். வெளுத்துப்போயிருந்த அவளால் தாங்க முடியவில்லை. ரத்தம் ஏற்றித்தான் உயிர் பிழைத்தாள். வாசலில் நின்ற கணவர் சொன்னார்: "மாத்திரை சாப்பிட்டியான்னு நான் ஒரு நாள்கூட கேக்கலீங்க." அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒரு இரும்புச் சத்து மாத்திரை, குறைந்தது 180 நாள். பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள். காபி, டீயுடன் சாப்பிடக் கூடாது. அவை இரும்பு உடம்பில் சேருவதைத் தடுக்கும். எலுமிச்சைச் சாறு உதவும். மலம் கறுப்பாகப் போனால் பயம் வேண்டாம், அது மாத்திரையின் நிறம். குழந்தையின் எலும்புக்கான கால்சியம் மாத்திரையை வேறு வேளையில் சாப்பிடுங்கள். கேழ்வரகு, முருங்கைக்கீரை, முட்டை, மீன் இவையும் சேரட்டும்.

நுரையீரல்

கர்ப்பப்பை வளர வளர, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் பிராணவாயு வேண்டுமே, அதனால் ஒவ்வொரு மூச்சும் ஆழமாகிறது. படி ஏறும்போது மூச்சு வாங்குவது இயல்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வாங்கினால் இயல்பு அல்ல. உடனே காட்ட வேண்டும்.

சிறுநீரகம்

இரண்டு உயிரின் கழிவையும் தாயின் சிறுநீரகமே வடிகட்டுகிறது. அதன் வேலை ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. அடிக்கடி சிறுநீர் வருவது அதனால்தான். அதற்காகத் தண்ணீரைக் குறைக்காதீர்கள், அடக்கியும் வைக்காதீர்கள். எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் கிருமி தொற்றியிருக்கலாம்.

சாயங்காலம் கால் லேசாக வீங்குவது பலருக்கும் உண்டு. முகமும் கையும் வீங்கினால் அலட்சியம் கூடாது. ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் போய், சிறுநீரில் புரதமும் இறங்கினால் வலிப்பு வரை கொண்டுபோய்விடும். ஒவ்வொரு முறையும் அழுத்தம் பார்ப்பதும் சிறுநீர் சோதிப்பதும் இதற்காகத்தான்.

குடல்

கர்ப்ப காலத்தில் சுரக்கும் நீர்கள் குடலின் அசைவை மெதுவாக்குகின்றன. நெஞ்செரிச்சலும் மலச்சிக்கலும் வருவது இதனால்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடுவதும் கீரை, பழம், தண்ணீர் கூட்டுவதும் நல்லது.

கணவருக்கு ஒரு வார்த்தை

உங்கள் மனைவியின் உடம்பு இரவு பகல் ஓய்வின்றி உழைக்கிறது. நீங்கள் தண்ணீர்க் குடம் தூக்கலாம். இராத்திரி மாத்திரை அட்டையை எண்ணிப் பார்க்கலாம். கரு தங்கிய மூன்று மாதத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து, குறைந்தது நாலு முறையாவது பரிசோதனைக்குக் கூடவே போங்கள்.

தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், ரத்தப்போக்கு, வலிப்பு, பனிநீர் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் – இவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

பிள்ளை பிறந்த பிறகு, கொடுத்ததையெல்லாம் அந்த உடம்பு திரும்பச் சேர்க்க வேண்டும். அதற்கு அவகாசம் கொடுங்கள். அடுத்த கருவுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டாவது போகட்டும். காப்பர்-டி, ஊசி, ஆணுறை எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். இருவரும் சேர்ந்து வந்து கேளுங்கள்.

தாயின் உடம்பு தெம்பாக இருந்தால் பிள்ளையும் தெம்பாகப் பிறக்கும்.