விகுதியில் இல்லாத வசவு

“ஏட்டி, வாயாடி!” திருநெல்வேலிப் பக்கம் எதிர்த்துப் பேசும் சிறுமிக்கு இந்தப் பட்டம் சுலபமாகக் கிடைத்துவிடும். அவள் தம்பி அதே அளவு பேசினால், “சலம்பாதலே” என்று ஓர் அதட்டல், அதோடு சரி. வாயாடிப் பட்டமோ பெண் வளர்ந்து, புகுந்த வீடு போகும்வரை கூடவே வரும்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் குற்றம் ஏதும் தெரியவில்லை. வாய், ஆடு, இ. இவற்றில் ‘ஆடு’ ஓயாமல் உழைக்கும் வினை. நீரோடு சேர்ந்தால் நீராடு, உரையோடு சேர்ந்தால் உரையாடு, வாதோடு சேர்ந்தால் வாதாடு. ஊர் கூடும் மன்றில் நின்று முறையிடுவதிலிருந்து வந்தது மன்றாடு. கடைசியில் உள்ள ‘இ’ செய்பவரைக் காட்டும் விகுதி. கூத்தாடி, சூதாடி, நாடோடி எல்லாம் இதே வார்ப்புதான். இந்த விகுதி ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். இலக்கணம் பார்க்காத பேதத்தை வழக்கு பார்த்துவிட்டது.

வீண்பேச்சைக் கண்டிக்கத் தமிழில் வேறு சொல்லா இல்லை? திருக்குறளின் 20ஆம் அதிகாரம் ‘பயனில சொல்லாமை’. பயனற்ற பேச்சைப் பாராட்டுகிறவனை வள்ளுவர் ‘பதடி’ என்கிறார். பதர்தான் அது, உள்ளே அரிசி பிடிக்காத நெல். பெயரிலேயே நெல்லை வைத்திருக்கும் ஊருக்கு இதற்கு உரை தேவையில்லை. வள்ளுவர் கையில் இருந்த அளவுகோல் பேச்சின் பயன் ஒன்றே.

இத்தனைக்கும் தாமிரபரணிக் கரை பேச்சைக் கொண்டாடிய மண். வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’யில் கம்பனைப் பற்றிப் பேசிப் பேசியே ஒரு ரசனை மரபை வளர்த்தார்கள். நெல்லைக்கு அருகே ராஜவல்லிபுரத்தில் 1896இல் பிறந்த ரா.பி. சேதுப்பிள்ளை தம் மேடைத்தமிழால் ‘சொல்லின் செல்வர்’ ஆனார். கம்பராமாயணத்தில் அனுமன் பேசக் கேட்ட இராமன் வியந்து சொன்ன புகழ்மொழி அது. சேதுப்பிள்ளையின் ‘தமிழின்பம்’ 1955இல் தமிழுக்கு முதல் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. இவர்கள் அத்தனை பேருக்கும் பேச்சே பெருமை. இதே கரையில் வாய் ஓயாமல் கதை சொல்லிப் பிள்ளை வளர்த்த ஆச்சிகளுக்கு அப்படி ஒரு பட்டத்தை யாரும் தரவில்லை. இது பெரிய அநியாயம்.

வழக்கில் ஏறிய கறை வழக்கிலேயே கழுவப்படலாம். 2018இல் வந்த ‘கனா’ படத்தின் ‘வாயாடி பெத்த புள்ள’ பாட்டைச் சிவகார்த்திகேயன் தன் மகளையும் சேர்த்துக்கொண்டு பாடினார். அதில் வாயாடி என்ற சொல் செல்லமாகத்தான் வருகிறது.