உயிரணுவின் வாசலில் ஒரு மெழுகு

புனே கணேஷ்கிண்டில், சாவித்ரிபாய் புலே பல்கலைக்கழக வளாகத்துக்குள் தேசிய உயிரணு அறிவியல் மையம் இருக்கிறது. அங்கே திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரி குளிரில், மனித உயிரணுக்கள் உறங்குகின்றன. பல, புற்றுக்கட்டிகளிலிருந்து எடுத்தவை. நாடெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்கள் அவற்றை இங்கிருந்து வாங்கிப் போய் வளர்க்கின்றன. உறக்கம் தெளிந்த அணுக்களை இளஞ்சிவப்பு ஊட்டநீரில் விடுவார்கள். அவை தின்று பெருகப் பெருக அமிலம் ஊறி, நீர் மஞ்சளாகும். சர்க்கரையும் உப்பும் அமினோ அமிலமும் மட்டும் பெரும்பாலான அணுக்களுக்குப் போதாது. கன்றின் சீரமும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். அந்தச் சீரத்தோடு வந்து சேர்வதுதான், பஜ்ஜியைப் பார்க்கும்போதெல்லாம் நாம் திட்டித் தீர்க்கும் கொலஸ்டிரால்.

படைத்தவன் அதை வீணுக்குப் படைக்கவில்லை. 27 கார்பன், 46 ஹைட்ரஜன், ஒரே ஓர் ஆக்சிஜன். இவ்வளவுதான் அதன் உடல். ஆனால் அது இல்லாமல் நம் உயிரணு ஒன்றுக்கும் சுவராக இருக்கும் சவ்வு நிற்காது. சூட்டில் சுவர் தளர்ந்துவிடாமலும் குளிரில் விறைத்துவிடாமலும் காப்பது அதுதான். பித்தநீருக்கும் பாலின ஹார்மோன்களுக்கும் மூலப்பொருள் அதுவே. உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். உடலிலுள்ள கொலஸ்டிராலிலோ ஏறத்தாழ கால் பங்கு அங்கேதான் இருக்கிறது.

மெழுகு போன்ற இந்தக் கொலஸ்டிரால் உயிரணுவுக்குள் போகும் விதத்தை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. அமெரிக்காவின் டல்லஸில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1970-களில் தோல் அணுக்களை வளர்த்துப் பார்த்தார்கள். சீரத்திலிருந்து கொழுப்புத் துகள்களை நீக்கினால், அணு தானே கொலஸ்டிராலைத் தயாரிக்கத் தொடங்கியது. கொலஸ்டிராலைச் சுமக்கும் எல்.டி.எல். என்ற துகளைக் கொடுத்ததும் அந்தத் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. அணுவின் மேற்பரப்பில் அந்தத் துகளைப் பிடிக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. ஓர் ஏற்பி துகளை உள்ளே கொண்டுபோய் இறக்கிவிட்டு மறுபடி மேலே வர சுமார் 10 நிமிடம். தேவை தீர்ந்தால் ஏற்பிகளின் எண்ணிக்கையை அணுவே குறைத்துக்கொள்ளும். என்ன ஒரு அடக்கம்! 1985-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

புற்றணுவுக்கு அந்த அடக்கம் இல்லை. ஓயாமல் பிரிகிறது, பிரியப் பிரியப் புதுச் சுவர் வேண்டும். அதே 1985-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ரத்தப் புற்றுநோயாளிகளைப் பற்றி எழுதினார்கள்: புற்றணுக்கள் எல்.டி.எல்.-ஐ அளவுக்கு மீறி இழுத்துக்கொண்டதால் நோயாளிகளின் ரத்தத்தில் கொலஸ்டிரால் சரிந்திருந்தது.

இது தெரியாத காலத்தில் ஒரு பயம் கிளம்பியிருந்தது. கொலஸ்டிரால் குறைந்தவர்களிடம் புற்றுநோய் கூடுதலாகத் தென்படவே, குறைப்பதே ஆபத்தோ என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பல சமயம் ஒளிந்திருந்த நோய்தான் அளவை முதலில் இறக்கியிருந்தது. கொலஸ்டிராலைத் தயாரிக்கும் கல்லீரலே கெட்டால் அளவு இறங்காமல் என்ன செய்யும்? கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரைகளைப் பற்றிய 27 சோதனைகளை, சுமார் 1,75,000 பேரின் விவரங்களோடு, 2012-ல் சேர்த்துப் பார்த்தபோது புற்றுநோய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மறுபக்கமும் உண்டு. கொலஸ்டிராலிலிருந்து உடலில் உண்டாகும் ஒரு பொருள் எலிகளில் ஒருவகை மார்பகப் புற்றை வளர்ப்பதை 2013-ல் கண்டார்கள். எனவே எல்லாப் புற்றுக்கும் ஒரே கணக்குப் போட முடியாது.

கொலஸ்டிரால் ஆனாலும் சரி, எடை ஆனாலும் சரி, ஒற்றை எண்ணை வைத்து உடலை எடைபோடுவது எவ்வளவு தவறு என்பதற்கும் புனேயே சாட்சி. ரஸ்தா பேட் கே.ஈ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினோடு நிற்கும் படம் 2004-ல் வெளிவந்தது. உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு (பி.எம்.ஐ.) இருவருக்கும் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2.

ஆகவே, புற்றுநோய்க்குப் பயந்து மருத்துவர் கொடுத்த ஸ்டாடினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருந்தோ உணவு மாற்றமோ இல்லாமல் கொலஸ்டிரால் மளமளவென்று இறங்கி, கூடவே எடையும் குறைந்தால், ‘நல்லதுதானே’ என்று இருந்துவிடாமல் பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.