அலாய் வீல்: துளை பொருந்தினால் போதுமா?

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வேறு அலாய் வீல் மாட்டிக் கொடுப்பது வெளிநாடுகளில் தனி வியாபாரமாகவே நடந்து வருகிறது. ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989-இல் அறிமுகப்படுத்திய எம்.எக்ஸ்.-5 என்ற இரண்டு இருக்கைக் காரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அதற்கு மியாட்டா என்று பெயர். 30 வயதைத் தாண்டிய இந்த வண்டியைப் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆசையோடு வைத்திருப்போர் ஏராளம். வீலுக்குக் கடை ஏறுபவர்களும் அவர்கள்தாம். அதன் வீலில் நான்கு துளைகள், 100 மி.மீ. வட்டம். நம் கடைகளில் ஹோண்டா சிட்டிக்கும் மாருதி ஸ்விஃப்டுக்கும் கொடுக்கும் அதே பி.சி.டி. ஆகவே அங்கே எழும் சிக்கல்கள் ஆட்டோ உதிரிபாகம், டயர் விற்கும் நம் அங்கத்தினர்களுக்கும் புதியவை அல்ல.

நான்கு துளையும் போல்ட்டில் ஏறிவிட்டால் வீல் பொருந்திவிட்டது என்று வாடிக்கையாளர் நினைக்கிறார். பல கடைகளிலும் அப்படியே நினைக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது நடுத்துளை. மாஸ்டாவின் ஹப் 54.1 மி.மீ., சிட்டியின் ஹப் 56.1 மி.மீ. சிட்டி வீலை மாஸ்டாவில் மாட்டினால் சுற்றிலும் 1 மி.மீ. இடைவெளி விழும். வீல் சரியாக நடுவில் உட்காராவிட்டால் வேகம் பிடிக்கும்போது ஸ்டியரிங் உதறும். வாடிக்கையாளரோ பேலன்சிங் சரியில்லை என்று திரும்பத் திரும்ப வந்து நிற்பார். உள்ளே ஒரு ஹப் ரிங் போட்டால் தீரும் விஷயம் இது. பல கார்களுக்கும் ஆகட்டும் என்று நடுத்துளையைப் பெரிதாக வைத்தே பல கம்பெனிகள் வீல் தயாரிப்பதால், ரிங்கையும் சேர்த்துக் கொள்முதல் செய்வது நல்லது. சிறிய சரக்கு, பெரிய தலைவலி மிச்சம்.

இதைவிட ஆபத்தானது நட் உட்காரும் இடம். ஹோண்டா தன் கார்களோடு தரும் வீல்களில் அந்தக் குழி உருண்டை வடிவம். மாஸ்டாவின் நட்டோ 60 டிகிரி கூம்பு. இரண்டு வண்டிக்கும் போல்ட் 12 மி.மீ., மரை 1.5 மி.மீ. என்பதால் நட் தடையின்றி ஏறும், இறுகியதுபோலவே தோன்றும். உண்மையில் கூம்பு ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே குழியைத் தொடுகிறது. ஓட ஓட அந்த இடம் தேய்ந்து நட் தளரும். வீல் கழன்று ஓடுவது இப்படித்தான். ஸ்விஃப்டின் நட்டுக்கு மரை 1.25 மி.மீ.; மாஸ்டா போல்ட்டில் அது கையால் ஏறாது. ஏர் கன்னை வைத்து ஏற்றினால் மரை போகும்.

அடுத்து ஆஃப்செட். மாஸ்டாவின் 14 அங்குல வீலுக்கு இது 45 மி.மீ. அதே அகலத்தில் 25 மி.மீ. ஆஃப்செட் வீலைப் போட்டால் ஒவ்வொரு பக்கமும் டயர் 20 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். மட்கார்டு விளிம்பில் உரசும், பேரிங்குக்கும் பளு கூடும். பார்வைக்கு எடுப்பாக இருக்கிறது என்று இளைஞர்கள் கேட்பதும் இதைத்தான்!

வீல் 15 அங்குலமாக மாறினால் டயரும் மாற வேண்டும். பழைய 185/60 ஆர் 14 டயரின் விட்டம் சுமார் 578 மி.மீ. 195/50 ஆர் 15 டயர் 576 மி.மீ.; வித்தியாசமே இல்லை எனலாம். 185/60 ஆர் 15 போட்டால் 603 ஆகிவிடும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 104-இல் ஓடும்.

பழைய வீல் வாங்கி விற்போர் உட்புற விளிம்பில் விரிசலோ வெல்டிங் தடமோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெல்டிங் வைத்த வீலை எந்த விலைக்கும் விற்கக் கூடாது என்பதே நம் கருத்து.

டயர் ஏற்றுவதற்கு முன் வெறும் வீலை மாட்டி, பிரேக் காலிப்பரில் படாமல் சுற்றுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். டயர் ஏறி விளிம்பில் கீறல் விழுந்தபின் மொத்த வியாபாரி திரும்ப எடுக்கமாட்டார். இந்த மாஸ்டாவுக்கு நட்டை டார்க் ரெஞ்சால் 9 முதல் 12 கிலோ-மீட்டர் வரை முறுக்க வேண்டும். 100 கி.மீ. ஓடியதும் மறுபடி முறுக்க வரச்சொல்லி, அதைப் பில்லிலேயே எழுதிக் கொடுத்துவிடலாம்.