எண்ணூரின் நீரோட்டமும் ஒலியின் கணக்கும்

பூண்டி நீர்த்தேக்கத்தின் மிகுநீர் திறந்துவிடப்படும் நாட்களில், விநாடிக்கு இத்தனை கன அடி என்று பத்திரிகைகளில் வெளியாகும் கணக்கு, மதகுகள் திறந்த உயரத்தையும் தேங்கிய நீரின் மட்டத்தையும் கொண்டு நிர்ணயிக்கப்படுவதாதலின் நம்பத்தக்கதே. ஆயினும் அதே நீர் கொசஸ்தலை ஆற்றின் வழியே எண்ணூர் முகத்துவாரத்தை அணுகும்போது, மட்டத்தை மாத்திரம் கொண்டு அளக்க முற்படுவோர் ஏமாற்றமே அடைவர். சமுத்திரம் நாளொன்றுக்கு இருமுறை ஏறி வற்றும் அவ்விடத்தில், அளவுகோலின் ஒரே கோட்டில் நிற்கும் நீர், காலையில் உள்நோக்கியும் சில மணி நேரம் கழித்துக் கடல்நோக்கியும் ஓடக்கூடும். போதாக்குறைக்கு, அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து படுகையும் மேடுற்றிருப்பதால், மட்டம் மாறாமலே நீரோடும் பரப்பு சுருங்கிவிடுகிறது.

திசையையும் வேகத்தையும் ஒருங்கே உரைக்க வல்லது ஒலி. நீரோட்டத்தோடு செல்லும் படகு விரைவதும் எதிர்த்துச் செல்லும் படகு தாமதிப்பதும் போலவே, நீருக்குள் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும் ஒலியும் ஓட்டத்தால் பாதிக்கப்படுகிறது. 1 மீட்டர் விட்டமுள்ள குழாயில், விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரின் குறுக்கே 45 பாகைச் சாய்வில் போக்கும் வரத்துமாக ஒலித்துடிப்புகளை அனுப்பினால், இரு பயண நேரங்களுக்கும் உள்ள வித்தியாசம் விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இராது. அந்த நுண்ணிய வித்தியாசத்தைப் பிடித்துவிடும் கருவியைக் குழாயை வெட்டாமலே அதன் வெளிப்புறத்தில் பொருத்திவிடலாம் என்பது வியக்கத்தக்க சௌகரியமே.

எனினும் இம்முறைக்குத் தெளிந்த நீர் வேண்டும். 2010-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் திறனோடு காட்டுப்பள்ளியில் தொடங்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் குடிநீர் போன்றதற்கு இது உகந்தது. கலங்கல் மிகுந்த கழிமுகத்திற்கோ, 1842-இல் டாப்ளர் என்னும் ஆஸ்திரிய விஞ்ஞானி வெளியிட்ட தத்துவமே துணை: நீரோடு மிதந்துவரும் துகள்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் சுருதி, அவை கருவியை நெருங்கினால் உயர்ந்தும் விலகினால் தாழ்ந்தும் கேட்பதனின்று, மேலடுக்கு முதல் அடிப்படுகை வரை ஒவ்வோர் ஆழத்திலும் நீரின் வேகம் கணிக்கப்படுகிறது. குடிநீரில் குற்றமாகும் கலங்கல் இங்கே கருவிக்கு உபகாரமாகிறது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல், பெரிதும் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் தம் கழிவுநீரை இடையறாது கண்காணிக்கும் சாதனங்களை நிறுவ வேண்டுமென உத்தரவிட்டது. ஆலைவாயிலில் அளப்பது அவசியமே. ஆனால் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே முகத்துவாரமெங்கும் பரவி, மீனவர்களின் வலைகளையும் படகுகளையும் நாசமாக்கியபோது, எவ்வளவு நீர் எந்நேரத்தில் எத்திசையில் சென்றது என்பதே நஷ்ட ஈட்டுக்கு ஆதாரமான வினாவாயிற்று. அதற்கு விடை தரும் கருவி நிற்க வேண்டிய இடம் முகத்துவாரமே. உவர்நீரில் அமிழ்ந்த அதன் முகப்பில் பாசியும் சிப்பியும் விரைவிலேயே படர்ந்து ஒலியை மறைத்துவிடுமாதலால், படகில் சென்று அவற்றை முறைதவறாது சுரண்டி எடுக்கும் ஆளுக்குரிய கூலியையும் மதிப்பீட்டில் முதலிலேயே சேர்த்துவிட வேண்டும்.