பிழை கூடாதே!

பெருந்துன்பம் வந்தால் உற்றாரும் ஊராரும் ஓடிவருவர். சிறு துன்பத்திற்கு அழைத்தால் வருவார் இல்லை. அழைக்கவும் நமக்கு நாணமாயிருக்கும். ஆயினும் ஒரே நாளில் நாலைந்து சிறு துன்பங்கள் ஒருவனைத் தொடர்ந்து வருமானால், அவை சேர்ந்து பெருஞ்சுமையாகிவிடுகின்றன. சென்ற ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை என் தமக்கை மகனுக்கு வாய்த்த நாள் அத்தகையது. அவனுக்கு நேர்ந்தவற்றுள் ஒன்றுக்கு நானே காரணம். ஆகவே இதை எழுதுவது என் கடமை.

முதலில் ஊரைப் பற்றிச் சில சொற்கள். திருவிதாங்கூரை 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்ம மகாராஜாவின் பெயரால் அமைந்தது பாலராமபுரம். நேர்த்தியான துணி நெய்வதற்கென்று தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்கள் அக்காலத்தில் இங்கே குடியேற்றப்பட்டன. திவான் உம்மிணித் தம்பி அதற்கு முன்னின்றார் என்பர். பின்னர் 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலூகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலூகா கேரளத்தில் நின்றது. ஆதலால் பாலராமபுரம், பாறசாலை முதலிய ஊர்களில் வீட்டினுள் தமிழும் வெளியே மலையாளமும் வழங்கும் குடும்பங்கள் பல உண்டு. தலைமுறைகளாக இங்கிருப்போர்க்கு இதனால் இடர் ஒன்றுமில்லை. அண்மையில் வந்தவர்க்கே இடர்.

என் அத்தான் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற ஆண்டுதான் தறி வேலைக்காக இங்கு வந்தார். அவருடைய மகன் திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். மலையாள எழுத்துக்களைப் பேருந்துப் பலகைகளைப் பார்த்தே கற்றவன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான்.

அன்று விடியற்காலையில் தெருவில் பாவு விரித்திருந்தார்கள். பாவுக்குக் கஞ்சியிட்டு, வாரி, வெயில் ஏறுமுன் உலர்த்தி எடுக்கவேண்டும். அவ்வேளை மழை தூறியது. வீட்டார் அனைவரும் ஓடிப் பாவைச் சுருட்டி உள்ளே கொண்டுபோயினர். பையனும் ஓடினான். அதற்குள் காலைப் பாசஞ்சர் வண்டி போய்விட்டது. 1979 ஏப்ரலில் திறக்கப்பட்ட கன்னியாகுமரிப் பாதையில் நம் ஊருக்கும் ஒரு நிலையம் கிடைத்தது நமது பாக்கியம். ஆனால் நனைந்த பாவுக்காக வண்டி காத்திருப்பதில்லையே! கையில் சீசன் டிக்கெட் இருந்தும் அவன் பேருந்தில் காசு கொடுத்துப் போகவேண்டியதாயிற்று. அந்தக் காசு, அத்தான் நெய்த கூலியிலிருந்து பரீட்சைக் கட்டணத்திற்கென எண்ணிக் கொடுத்த பணத்திலிருந்து எடுத்தது.

தம்பானூரில் இறங்கியதும் செருப்பின் வார் அறுந்தது. தெருவோரத்தில் அமர்ந்திருந்த முதியவர் அதைத் தைத்துக் கொடுத்து, பையன் காசை எண்ணும் விதத்தைப் பார்த்து, “போய் வா மோனே” என்று கையை அசைத்துவிட்டார். பையைத் திறந்தால் மோர்ச்சாதம் கசிந்து புத்தகம் நனைந்திருந்தது. நல்லவேளையாகப் பரீட்சை விண்ணப்பம் உறைக்குள் இருந்தமையால் தப்பியது.

இனி விண்ணப்பத்தின் கதை. கல்லூரி அறிவிப்பில் “பிழ கூடாதெ புதன் வரெ, பிழயோடெ வியாழம் வரெ” என்றிருந்தது. பையன் அதைத் தமிழ்க் காதால் வாசித்தான். “பிழை கூடாதே” என்று நிர்வாகத்தார் எச்சரிக்கிறார்கள் என்றும், பிழையுள்ள விண்ணப்பங்களைக்கூட வியாழன் வரை திருத்திக் கொடுக்கலாம் என்றும் பொருள் கொண்டான். பணம் திங்கட்கிழமையே கையில் இருந்தது. ஆயினும் செவ்வாயும் புதனும் இருந்து, ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் விண்ணப்பத்தை எழுதி முடித்தான்.

வியாழனன்று அலுவலக எழுத்தர் அதை வாங்கிப் பார்த்து, “பிழ உண்டு” என்றார்.

“இல்லை ஐயா. மூன்று முறை பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை” என்றான் இவன்.

“பிழ உண்டு” என்றார் அவர் மறுபடியும்.

மலையாளத்தில் பிழ என்றால் அபராதம். புதன் வரை அபராதமின்றி. வியாழன் வரை அபராதத்தோடு. பிழைக்கு அஞ்சி இரண்டு நாள் தாமதித்தவன், அந்த அச்சத்தாலேயே பிழ கட்ட நேர்ந்தது! கையிலோ பேருந்துக்குக் கொடுத்தது போகக் கட்டணத்திற்கே பணம் போதவில்லை. பெயர் பதியாவிட்டால் அந்தப் பரீட்சை எழுத முடியாது. தறிக்குழியில் தகப்பனார் கால் மரத்து உட்கார்ந்திருந்த நாட்கள் அவன் கண்முன் வந்தன.

எழுத்தர் இரக்கமாகவே, “நாலு மணி வரெ அவசரம் உண்டு” என்றார். தமக்கு அவசர வேலை இருப்பதாகச் சொல்லித் துரத்துகிறார் என்று எண்ணிப் பையன் வெளியே வந்து படிக்கட்டில் அமர்ந்துவிட்டான்.

அங்கே அவனைக் கண்டான் நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த வகுப்புத் தோழன் ஒருவன், மலையாளி. நடந்ததைக் கேட்டுச் சிரித்தான். பிறகு பையனின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். “அவசரம் என்றால் எங்கள் மொழியில் வாய்ப்பு. நாலு மணி வரை உனக்கு வாய்ப்பு இருக்கிறது என்கிறார்” என்றான். தன்னிடமிருந்ததையும், இன்னும் இருவரிடம் கேட்டு வாங்கியதையும் சேர்த்துக் கொடுத்தான். மூன்று மணிக்குப் பணம் கட்டியாயிற்று.

வடமொழியிலும் அவசரம் என்பதற்குச் சமயம், வாய்ப்பு என்பதே பொருள். மலையாளம் அப்பொருளைக் காத்துக்கொண்டது. நாம் அதை விரைவாக்கிக்கொண்டோம். வெள்ளம் அவர்களுக்குக் குடிநீர், நமக்குப் பெருக்கு. மற்றந்நாள் என்றால் மறுநாள் அன்று, நாளை மறுநாள். முற்றும் அயலான மொழியென்றால் கேட்டுத் தெரிந்துகொள்வோம். பக்கத்து வீட்டு மொழியாதலால் தெரிந்துவிட்டதாக எண்ணி ஏமாறுகிறோம்.

மாலை வண்டியில் என்னருகே அமர்ந்து பையன் இவற்றையெல்லாம் சொன்னான். என் குற்றம் இனித்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு அவன் அந்த அறிவிப்பை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்து, “மாமா, இதைச் சற்றுப் பாருங்கள்” என்று நீட்டினான். நான் இரவு வேலைக்குப் புறப்படும் நேரம். “நாளைக்குப் பார்ப்போம் தம்பி” என்றேன். திங்களும் போயிற்று, செவ்வாயும் போயிற்று. இங்கே பதினைந்து ஆண்டு இருந்து மலையாளம் வாசிக்கத் தெரிந்த நான், இரண்டு வரியை வாசித்துச் சொல்லவில்லை. அவனோ வண்டியில் அதை எனக்கு நினைவூட்டவே இல்லை. அதுதான் என்னை மிகவும் சுட்டது.

தோழர்களின் கடனை மறுநாள் நான் கொடுத்தனுப்பினேன். பாவிலும் சில இழைகளே அறுந்திருந்தன. என் தமக்கை விளக்கடியில் அமர்ந்து ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தாள்.

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு விண்ணப்பம். முன்னே வந்து குடியேறிய ஒவ்வொரு வீட்டிலும் மலையாளம் வாசிப்பார் ஒருவரேனும் இருப்பர். பின்னே வந்தவர்கள் பள்ளிச் சீட்டையோ, மருத்துவச் சீட்டையோ, அலுவலகக் கடிதத்தையோ கொண்டுவந்து நீட்டினால், அன்றைக்கே வாசித்துச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். என் வீட்டில் இப்போது ஞாயிறு மாலைதோறும் பையன் மலையாளம் படிக்கிறான். முதற்பாடத்தில் அவன் எழுதிய முதல் சொல் ‘பிழ’. அதில் பிழை ஒன்றும் இல்லை.