கொல்லைக் கோழிக்கும் ஒரு சொட்டு மருந்து

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் ஊர்ப்புறங்களில் ஒரு பேச்சு கிளம்பும்: "கோழிக்கெல்லாம் சீக்கு வந்திருச்சு." நேற்றுவரை குப்பைமேட்டைக் கிளறிய கோழி இன்று இறகு தொங்கத் தூங்கி விழும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். சிலதுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். ஒரே வாரத்தில் தெரு முழுக்கப் பஞ்சாரங்கள் காலியாகிவிடும். "கோழின்னா அப்படித்தான், அடுத்த ஈடு பார்த்துக்கலாம்" என்று மனதைத் தேற்றிக்கொள்வார்கள்.

அப்படித்தான் என்று ஏற்க வேண்டியதில்லை. வெள்ளைக்கழிச்சல் எனும் ராணிக்கெட் நோய் 1920-களிலேயே இந்தியாவில் கண்டறியப்பட்டது. வந்தபின் மருந்து கிடையாது. வராமல் தடுக்க நல்ல மருந்து இருக்கிறது. வீட்டுக் கறிக்காகப் பத்து இருபது கோழி வளர்ப்பவர் மற்ற எதையும்விட முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான்.

எந்தக் கோழி?

பிராய்லர் குஞ்சு ஆறு வாரத்தில் இரண்டு கிலோ வந்துவிடும். ஹார்மோன் ஊசி போடுவதாகப் பலர் நம்புவது தவறு. தலைமுறை தலைமுறையாக வேகமாக வளரும் கோழிகளையே தேர்ந்து இனம் சேர்த்ததன் விளைவு அது. ஆனால் அந்த உடம்பு வெயில் தாங்காது. பருவம் கடந்து வைத்திருந்தால் காலும் இதயமும் சுமையைத் தாங்காது. அடைத்து வைத்து, நேரத்துக்குத் தீவனம் போட்டு, நாள் தவறாமல் அறுக்க முடிந்தவருக்கே அது பொருந்தும்.

கொல்லையும் மரநிழலும் உள்ள வீட்டுக்கு நாட்டுக்கோழிதான் பொருத்தம். சிறுவிடை என்ற நாட்டு ரகம் தானே அடைகாக்கும், தானே குஞ்சைக் காப்பாற்றும். கறிக்குத் தேற நாலைந்து மாதம் ஆகும். கொஞ்சம் சீக்கிரம் எடை வேண்டுமென்றால் வனராஜா, கிரிராஜா, கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நாமக்கல் கோழி-1 போன்ற ரகங்கள் இருக்கின்றன. ஆனால் இப்படி மேம்படுத்திய ரகங்கள் அடைக்கு உட்காருவது அரிது. ஒவ்வொரு முறையும் குஞ்சு வாங்க வேண்டியிருக்கும்.

முதல் மூன்று வாரம்

தாயோடு திரியும் குஞ்சுக்குச் சூடு தாயின் சிறகடியில் கிடைத்துவிடும். வாங்கிவந்த குஞ்சுக்கு அதை நாம்தான் தர வேண்டும். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். குஞ்சுக்கு இரண்டு வாட் கணக்கில், முப்பது குஞ்சுக்கு ஒரு 60 வாட் குண்டு பல்பு போதும். எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சுகளே சொல்லிவிடும். பல்புக்குக் கீழே குவிந்தால் குளிர்கிறது. விலகி ஓடி வாயைப் பிளந்தால் சூடு அதிகம். பரவலாகத் திரிந்தால் சரியாக இருக்கிறது.

கீழே இரண்டு அங்குலம் உமி பரப்ப வேண்டும். தினமும் கிளறிவிட்டு, நனைந்த இடத்தை அப்போதே அள்ளிவிட வேண்டும். ஈர உமியில்தான் இரத்தக்கழிச்சல் பிறக்கிறது. இரவில் கீரியும் வெருகும் பாம்பும் நுழையாதபடி நெருக்கமான கம்பிவலை அடிப்பது அவசியம்.

தீனி

நாட்டுக்கோழியை முழுக்கக் கடைத் தீவனத்தில் வளர்த்தால் கட்டுப்படியாகாது. ஒரு கிலோ எடை ஏற பிராய்லர் தின்பதைப்போல இரு மடங்குக்கு மேல் அது தின்னும். அதன் லாபம் மேய்ச்சலில் இருக்கிறது. காலையும் மாலையும் ஒரு கை கம்பு, உடைத்த மக்காச்சோளம், தவிடு. நடுவில் கீரை, அசோலா, மண்ணில் கிடைக்கும் புழு பூச்சி.

குஞ்சுக்குக் கரையானைவிட நல்ல புரதம் இல்லை. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத்துண்டு திணித்து, நீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், விடியும்போது கரையான் ஏறியிருக்கும். காசில்லாமல் கிடைக்கும் தீனி இது.

வளர்ச்சிக்கென்று ஆன்டிபயாடிக் கலந்த எதையும் வீட்டுக் கோழிக்குத் தரத் தேவையில்லை. மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் கொலிஸ்டின் மருந்தை, உணவுக்கான கால்நடைகளுக்குத் தருவதை மத்திய அரசு 2019-ல் தடைசெய்தது. நோய்க்காக மருத்துவர் மருந்து கொடுத்திருந்தால், எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அறுப்பதற்கு முந்தைய இரவு தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைத்தால் கறி சுத்தமாக வரும்.

குப்பியில் இருக்கும் சிக்கல்

குஞ்சு பொரித்த ஏழாம் நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து. நாலாவது வாரம் குடிதண்ணீரில் லசோட்டா என்ற தடுப்பு மருந்து. எட்டாவது வாரம் இறக்கையில் தோலுக்கடியில் ஓர் ஊசி. நாட்டுக்கோழியை வெள்ளைக்கழிச்சலிலிருந்து காக்க இவ்வளவுதான். ராணிப்பேட்டையில் உள்ள அரசு நிலையமே இந்த மருந்தைத் தயாரிக்கிறது. பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை ஊர் ஊராக முகாமும் போடுகிறது.

அப்படியிருந்தும் ஏன் கோழி சாகிறது? மருந்து வரும் குப்பி நூறு கோழிக்கும் அதற்கு மேலும் ஆனது. கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆயிரம் கோழி வைத்திருக்கும் பண்ணைக்கு அது சுலபம். பன்னிரண்டு குஞ்சு வைத்திருப்பவர் ஒரு குப்பியை உடைத்தால் பெரும்பகுதி வீண். அதனால் வாங்காமலே விடுகிறார். முகாமுக்குப் பின் சித்திரையில் பொரித்த குஞ்சுகளுக்கோ எதுவும் கிடைப்பதில்லை.

இதற்கு வழி அடை வைக்கும் நாளிலேயே இருக்கிறது. முட்டை பொரிய 21 நாள். ஒரு தெருவில் ஏழெட்டு வீட்டார் பேசிவைத்து ஒரே நாளில் அடை வைத்தால், எல்லா வீட்டிலும் குஞ்சு ஒன்றாகப் பொரியும்; ஏழாம் நாளும் ஒன்றாக வரும். ஒரு குப்பி, ஐஸ் போட்ட ஒரு பிளாஸ்க், ஒரு மாலை நேரம் போதும். அறுபது எழுபது குஞ்சுக்கும் சொட்டு போட்டு முடித்துவிடலாம். தண்ணீரில் தரும்போது குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் ஆகாது. கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கலந்தால் மருந்தின் வீரியம் கெடாது.

கோழி வீட்டுக்கு வீடு தனித்தனியாக இருக்கலாம். மேய்வது ஒரே தெருவில்தான், நோயும் அதே வழியில்தான் வருகிறது. பெண்கள் சுருக்குப்பையில் சேர்க்கும் காசும் பிள்ளைகள் தட்டில் விழும் கறியும் ஒரு சொட்டு மருந்து இல்லாமல் போவதை இனியும் விதி என்று விடக்கூடாது. அடுத்த அடைக்கு முட்டை சேர்க்கத் தொடங்கும்போதே பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கால்நடை மருந்தகத்தில் நாளைக் குறித்து வாங்குங்கள்.